இருளைப் படம் பிடித்த கதை

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டே போகும்போது, ஒரு நிலையத்துக்கும் மற்றொரு நிலையத்துக்கும் இடையில் 'உஸ்' என்று ஓயாத ஓர் ஓசை எழுவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அங்கே பேசுவோர் இல்லை, பாடுவோரும் இல்லை. ஆயினும் பெட்டி வாளா இருப்பதில்லை. பொறியியல் வல்லுநர்கள் அவ்வோசைக்கு இரைச்சல் என்று பெயர் வைத்தார்கள். அப்பெயரே பின்னர் புகைப்படக் கலைக்கும் வந்து சேர்ந்தது. டிஜிட்டல் காமிராவின் கண்ணை இருளில் நெடுநேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தால், கரிய வானத்தின் மேல் யாரோ மணலை அள்ளித் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றுகின்றன. சில சாம்பல் நிறம், சில சிவப்பு, சில நீலம். இவையும் இரைச்சலே. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் காண்கிறோம். இந்த இரைச்சலை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான், அதனை எவ்வாறு வென்றான் என்னும் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

இதில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்குக் காரணம் நான் பட்ட ஓர் அவமானம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நிலவில்லாத ஒரு தை மாத இரவில், ஊருக்கு வெளியே ஒரு தோப்பில், வானத்தின் சுழற்சியோடு தானும் சுழலும் தாங்கி ஒன்றின்மேல் காமிராவைப் பொருத்தி வைத்தேன். திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, ஓரியன் மண்டலத்தில், நெபுலா என்னும் ஒளிமேகம் ஒன்று உண்டு. அதனை 5 நிமிடம் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒளிமேகத்தின் அருகே செக்கச்செவேலென்று ஒரு நட்சத்திரம் தெரிந்தது. நட்சத்திர வரைபடத்தைப் புரட்டினேன். அவ்விடத்தில் அப்படி ஒரு நட்சத்திரம் இல்லை. என் உள்ளம் துள்ளியது. இரவென்றும் பாராமல் நண்பர் ஒருவரை எழுப்பிச் செய்தியைச் சொன்னேன். அவரும் மனமார வாழ்த்தினார்.

மறுநாள் இரவு கார்த்திகைக் கூட்டத்தைப் படம் எடுத்தேன். அதே சிவப்பு நட்சத்திரம், படத்தின் அதே மூலையில், அதே இடத்தில் அமர்ந்திருந்தது! வானத்தின் ஒரு பகுதியில் இருந்த நட்சத்திரம் ஒரே நாளில் வேறொரு பகுதிக்குக் குடிபெயருமா? ஐயம் பிறந்தது. காமிராவின் கண்ணுக்கு மூடியைப் போட்டு, ஒரு துளி ஒளியும் புகாதபடி துணியால் சுற்றி, மீண்டும் 5 நிமிடம் படம் எடுத்தேன். காரிருளின் நடுவே அந்த நட்சத்திரம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அது வானத்தில் இருந்ததன்று. என் காமிராவுக்குள் இருந்தது.

இந்தப் பிழை என் ஒருவனுக்கே உரியதன்று என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். நெடுநேரம் ஒளியைச் சேமிக்கும் கலை தோன்றிய நாள்முதல், கருவி தன்னுடைய குறையையும் கூடவே சேமித்து வந்திருக்கிறது.

1840-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பார் சந்திரனைப் படம் எடுத்தார். வெள்ளி பூசிய தகட்டில் அவ்வுருவம் பதிவதற்குச் சுமார் 20 நிமிடம் ஆயிற்று. 1850-இல் ஹார்வர்டு வானிலையத்தில் பாண்டு, விப்பிள் என்னும் இருவர் வேகா என்ற நட்சத்திரத்தைப் பதிவு செய்தனர். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரம் படத்தில் அகப்பட்டது அதுவே முதன்முறை. சந்திரனைப் பிடித்த டிரேப்பரின் மகனான ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30-ஆம் நாள், நான் மேலே சொன்ன ஓரியன் ஒளிமேகத்தை 51 நிமிடம் படம் எடுத்தார். 1882-இல் 137 நிமிடம் எடுத்தார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கி வழியாகப் பார்த்தும் கண்ணுக்குப் புலப்படாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன.

அந்நாளில் இது எத்தகைய வியப்பு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதனுடைய கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. கண நேரம் கண்டதை மறு கணம் விட்டுவிடும். மங்கிய பொருளை ஒரு மணி நேரம் உற்று நோக்கினாலும் அது மங்கலாகவே தெரியும். புகைப்படத் தகடோ, சிறுகச் சிறுகச் சேர்க்கும் சிக்கனக்காரரைப்போல், வந்த ஒளியையெல்லாம் சேர்த்து வைத்தது. அதனாலேயே வானத்தின் ஆழம் நமக்குத் தெரிய வந்தது.

ஆனால் அந்தத் தகட்டுக்கும் குறைகள் இருந்தன. ஒளியே படாத இடத்திலும் அது சிறிது கறுத்துப்போகும். வெள்ளி உப்பின் மணிகள் நொய்போல் துருத்திக்கொண்டு நிற்கும். மேலும், ஒளி பாதியாகக் குறைந்தால் நேரத்தை இரட்டித்தால் போதும் என்பதே எளிய கணக்கு. மங்கிய நட்சத்திரங்களிடம் அக்கணக்குச் செல்லவில்லை. நேரம் நீள நீளத் தகடு சோர்ந்துபோயிற்று. இதனை நுட்பமாக அளந்து விதி வகுத்தவர், வியன்னாவில் பணியாற்றிய இளம் வானியலறிஞர் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு. 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவர் செய்த ஆராய்ச்சி அது. கருவியை நம்புவதற்கு முன் கருவியை அளந்து பார் என்பதே அதன் சாரம்.

இனி, இரைச்சல் என்னும் சொல் பிறந்த இடத்துக்கு வருவோம். 1918-இல் வால்டர் ஷாட்கி என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, வெற்றிடக் குழாய்களில் மின்சாரம் ஆற்றைப்போல் இடையறாது ஓடவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். தகரக் கூரையின்மேல் மழைத்துளிகள் விழுவதுபோல், எலெக்ட்ரான்கள் தனித்தனியே, முன்னும் பின்னுமாக வந்து விழுகின்றன. அந்த ஒழுங்கின்மையே ஓசையாகிறது. 1928-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்ஸன் என்பவர், கம்பியில் வெப்பம் இருக்குமட்டும் இரைச்சலும் இருக்கும் என்று அளந்து காட்டினார். அதற்குரிய கணக்கை நைக்விஸ்ட் என்பார் வகுத்தார். ஆக, இரைச்சலுக்கு இரண்டு தாய்மார்: ஒருத்தி ஒழுங்கின்மை, மற்றொருத்தி வெப்பம். நம் காமிராவில் தோன்றும் புள்ளிகளும் பெரும்பாலும் இவ்விருவரின் பிள்ளைகளே.

அதே பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லாமல் செல்ல இயலாது. பென்ஸியாஸ், வில்சன் என்னும் இருவர், கொம்பு வடிவமான பெரிய ஏரியல் ஒன்றை வானத்தின்பால் திருப்பினார்கள். எத்திசையில் திருப்பினாலும், பகலிலும் இரவிலும், காரணம் தெரியாத ஓர் இரைச்சல் எஞ்சி நின்றது. அவர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை. கருவியின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு இரைகிறது என்று தனித்தனியே கணக்கிட்டார்கள். திரவ ஹீலியத்தால் குளிர்வித்த பொருள் ஒன்றோடு வானத்தை ஒப்பிட்டார்கள். ஏரியலுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை அப்புறப்படுத்தி, அவற்றின் எச்சத்தையும் கழுவினார்கள். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பின்னும் சிறிது மிஞ்சிற்று. பிரபஞ்சம் தோன்றிய பழங்காலத்து வெப்பத்தின் எச்சம் அதுவே என்பது 1965-இல் உலகுக்குத் தெரிந்தது. 1978-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. தம் கருவியின் இரைச்சலைக் காசுக் கணக்காக அறிந்திருந்தவர்களே, தம்முடையதல்லாத இரைச்சலை இனம் காண முடிந்தது.

டிஜிட்டல் காமிராவின் பிறப்பும் அந்த ஆய்வுக்கூடத்திலேயே நிகழ்ந்தது. 1969 அக்டோபர் 17-ஆம் நாள், வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பேசிக்கொண்டிருந்ததில், சி.சி.டி. என்னும் சிலிக்கன் சில்லின் கருத்து உருவாயிற்று. இதற்காக 2009-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாஸன், 100 வரிசையும் வரிசைக்கு 100 புள்ளியும் கொண்ட சில்லு ஒன்றை வைத்துக் கையால் தூக்கக்கூடிய முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு அது 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1976-இல் அரிசோனா மாநிலத்து மலையொன்றில், 61 அங்குலத் தொலைநோக்கியின் முனையில் சி.சி.டி. பொருத்தப்பட்டு யுரேனஸ் கிரகம் படமாயிற்று. வானியலில் கண்ணாடித் தகட்டின் ஆட்சி அன்றே ஆட்டம் காணத் தொடங்கியது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூடத் தகடு பிடித்து வைப்பது அரிது. நல்ல சில்லோ நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கைப் பிடிக்கிறது.

அந்தச் சில்லு வேலை செய்யும் விதத்தை ஓர் உவமையால் விளக்கலாம். முற்றத்தில் பல்லாயிரம் கிண்ணங்களை வரிசையாக வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மழை பெய்கிறது. மழை நின்றதும், ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு நீர் என்று அளந்து எழுதினால், எங்கே மிகுதியாகப் பெய்தது, எங்கே குறைவாகப் பெய்தது என்று தெரிந்துவிடும். மழையே ஒளி; நீரே எலெக்ட்ரான்.

இங்கே மூன்று சங்கடங்கள் உண்டு. முதலாவது, துளிகள் சீராக விழுவதில்லை. சராசரி 400 துளி விழ வேண்டிய கிண்ணத்தில் 20 துளி கூடவோ குறையவோ விழும். அது நூற்றுக்கு ஐந்து. 10,000 துளி விழ வேண்டிய இடத்தில் அவ்வேறுபாடு 100. அது நூற்றுக்கு ஒன்றே. ஆதலின் மழை மிகுந்தால் பிழையின் பங்கு குறையும். இரண்டாவது, அளப்பவனுடைய கைப்பிழை. ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அது சிறிது நேரும்.

மூன்றாவதே நெடுநேரப் படத்தின் தனிச் சங்கடம். கிண்ணத்தின் அடியிலிருந்தே நீர் ஊறுகிறது! சிலிக்கனில் உள்ள வெப்பமானது, ஒளியின் உதவியின்றியே எலெக்ட்ரான்களை விடுவித்துவிடுகிறது. வெப்பத்தால் வந்த எலெக்ட்ரானும் ஒளியால் வந்த எலெக்ட்ரானும் ஒன்றே. எதன் நெற்றியிலும் முத்திரை இல்லை. ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் எடுக்கும் படத்தில் இந்த ஊற்று நமக்குத் தெரியாது. 5 நிமிடம், 10 நிமிடம் என்று திறந்து வைத்தால் தெரியாமற் போகாது. பளிங்கின் அமைப்பில் ஊனமுள்ள சில கிண்ணங்களில் ஊற்று பன்மடங்கு பெருகும். என் சிவப்பு நட்சத்திரம் அத்தகைய ஊனக் கிண்ணம் ஒன்றே.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரங்களும் மூன்று. முதலாவது குளிர்ச்சி. சில்லின் வெப்பநிலை 6 அல்லது 7 டிகிரி குறைந்தால் ஊற்று ஏறத்தாழப் பாதியாகிறது. 42 டிகிரி குறைத்தால் சுமார் 64-இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே வானிலையங்களில் சில்லுகளைத் திரவ நைட்ரஜனைக்கொண்டு குளிர்விக்கிறார்கள்.

இரண்டாவது, இருளைப் படம் எடுத்தல். கடையில் நெய் வாங்கப் பாத்திரம் கொண்டு சென்றால், வணிகர் முதலில் வெறும் பாத்திரத்தை நிறுத்து, அதற்குத் தடை கட்டிக்கொண்டு பிறகே நெய்யை ஊற்றுவார் அன்றோ? அதே நியாயம் இங்கும். காமிராவின் கண்ணை மூடி, அதே அளவு நேரம், அதே வெப்பநிலையில் ஒரு படம் எடுக்க வேண்டும். அதில் ஒளி இல்லை. ஊற்று மட்டுமே உண்டு. அதை முன்னைய படத்திலிருந்து கழித்துவிட்டால் வானத்தின் பங்கு எஞ்சும். இன்றைய காமிராக்கள் பல இதனைத் தாமே செய்யவல்லவை. என் காமிராவும் அவ்வாறே ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் 5 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு மோனத்தில் ஆழ்ந்தது. அதை வீண் காலதாமதம் என்று எண்ணி, அந்த ஏற்பாட்டை நானே நிறுத்தி வைத்திருந்தேன்! என் அவமானத்துக்குக் காரணம் என் அவசரமே.

ஆனால் ஊற்றும் சீராக ஊறுவதன்று. அதன் சராசரியைக் கழிக்கலாம், ஏற்ற இறக்கத்தைக் கழிக்க இயலாது. அதற்குரியது மூன்றாவது பரிகாரம்: பொறுமை. ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துச் சராசரி காண வேண்டும். நட்சத்திரம் ஒவ்வொரு படத்திலும் தவறாமல் வரும். இரைச்சல் ஒரு முறை கூடியும் ஒரு முறை குறைந்தும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். 4 படங்களைச் சேர்த்தால் தெளிவு 2 மடங்கு. 16 சேர்த்தால் 4 மடங்கு. 100 சேர்த்தால் 10 மடங்கு. இரு மடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு உழைப்பு என்பது இக்கலையின் விதி.

இம்மூன்று பரிகாரங்களும் ஒன்றுகூடிப் பெற்ற மாபெரும் வெற்றி 1995-இல் நிகழ்ந்தது. ஹப்பிள் தொலைநோக்கி 1990-இல் விண்ணில் ஏவப்பட்டபோது, அதன் ஆடியில் பிழை இருந்தது தெரிந்து உலகமே நகைத்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று அதைச் சீர் செய்தனர். அப்போது பொருத்தப்பட்ட புதிய காமிராவின் சில்லுகள், உறைநிலைக்குக் கீழே 88 டிகிரியில் இயங்கின. விண்வெளிக் கதிர்கள் தாக்குவதால் அவற்றில் புதிது புதிதாக ஊனக் கிண்ணங்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. ஆகவே மாதந்தோறும் சில்லுகளைச் சிறிது நேரம் சூடாக்கிக் குணப்படுத்தினர்; கண்ணை மூடி இருட்டுப் படங்களையும் தவறாமல் எடுத்து வந்தனர்.

அத்தொலைநோக்கியை நடத்திய நிலையத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், தமக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தைக்கொண்டு, சப்தரிஷி மண்டலத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய ஓரிடத்தை நோக்கக் கருதினார். நீட்டிய கையில் பிடித்த ஒரு மணல் பருக்கை மறைக்கும் அளவே அந்த இடம். வெறுமையைப் படம் எடுத்து வெறுமையே கிடைத்தால், முன்னமே நகைத்த உலகம் மறுபடியும் நகைக்கும் என்று அறிஞர் சிலர் தடுத்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை, பூமியை 150 முறை சுற்றி வருவதற்குள், 342 படங்கள் எடுக்கப்பட்டன. இடையிடையே தொலைநோக்கியை மயிரிழை அளவு நகர்த்தினார்கள். வானத்துப் பொருள் வானத்தோடு நிற்கும்; ஊனக் கிண்ணமோ சில்லோடு நகரும். என் சிவப்பு நட்சத்திரத்தைப் போன்ற பொய்யர்கள் அந்தச் சிறு நகர்விலேயே பிடிபட்டுவிடுவர். அவ்வாறு வடித்தெடுத்த படத்தில், காலக்ஸிகள் எனப்படும் நட்சத்திரப் பெருங்கூட்டங்கள் சுமார் 3,000 தோன்றின. இரைச்சலைக் கணக்கிடாமல் விட்டிருந்தால், அவற்றுள் மங்கியவை எவை, மணல் தூவல் எது என்று எவரால் சொல்ல முடிந்திருக்கும்?

இக்காலத்தில் கைபேசிகளும் கணினிகளும் நாம் கேளாமலே இரைச்சலைத் துடைத்துத் தருகின்றன. அண்டைப் புள்ளிகளோடு ஒவ்வாமல் தனித்து நிற்பதைக் கண்டால் அதை இரைச்சல் என்று கருதி அழிக்கும் முறைகளும் அவற்றுள் உண்டு. திருவிழாப் படத்துக்கும் திருமணப் படத்துக்கும் அதனால் தீங்கில்லை. ஆனால் மங்கிய நட்சத்திரமும் தனித்து நிற்கும் ஒரு புள்ளிதானே! துடைப்பது வேறு, கழிப்பது வேறு. துடைப்பவன் தனக்குப் பிடிக்காததை நீக்குகிறான். கழிப்பவனோ, தன்னுடைய குறை இவ்வளவு என்று முதலில் அளந்து, அவ்வளவை மட்டுமே நீக்குகிறான். படம் அழகாக இருக்க வேண்டுமென்றால் முன்னது போதும். உண்மையாகவும் இருக்க வேண்டுமென்றால் பின்னது வேண்டும்.

மறு வாரம் நான் அதே தோப்புக்குச் சென்றேன். அந்த ஒளிமேகத்தை ஐந்தைந்து நிமிடமாக 16 முறை எடுத்தேன். பிறகு மூடியைப் போட்டு, பனியில் நடுங்கிக்கொண்டே, இருளையும் 16 முறை எடுத்தேன். இரண்டையும் முறைப்படி சேர்த்துக் கழித்தபோது என் சிவப்பு நட்சத்திரம் மறைந்தது. ஆனால் ஒளிமேகத்தின் விளிம்பில், முன்பு புள்ளிகளுக்கிடையே புதைந்து கிடந்த மெல்லிய ஒளித்திரை ஒன்று விரிந்திருந்தது. புதிதாக எதையும் நான் கண்டுபிடித்துவிடவில்லை. வரைபடத்தில் முன்னமே உள்ளதுதான் அது. எனினும் அது வானத்தில் உண்மையாகவே இருந்தது.

என்னை வாழ்த்திய நண்பரிடம் இரண்டு படங்களையும் கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைச் சொன்னேன். ஒளிமேகத்தின் படத்தை அவர் பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். மூடி போட்டு எடுத்த கருப்புப் படத்தை மட்டும் தமக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். சிவப்பு நட்சத்திரத்தோடு அது இன்றும் அவருடைய மேசைமேல் இருக்கிறது.